பழைய வண்டியின் துருவும் இறுகிய போல்டும்



2007 ஜனவரியிலும் 2025 நவம்பரிலும் வலப்பனைப் பகுதியில் மண் சரிந்தது. காணியை இழந்து வேறிடத்தில் பயிர் செய்யத் தொடங்கும் குடும்பங்களுக்கு முதலில் எழும் கேள்வி, லீக்ஸ், கோவா மூட்டைகளைப் பெரிய பாதைவரை எப்படிக் கொண்டுவருவது என்பதே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், புது வண்டி நம் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே சிலர் கூட்டாகச் சேர்ந்து, தோட்டப் பாதைகளில் ஓடிய பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கித் திருத்த எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வண்டியின் உயிர் அதன் செசியில், அதாவது அடிச்சட்டகத்தில் இருக்கிறது. அதைப் பற்றியே இந்தப் பாடம்.

1. துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்போடு நீரும் ஒட்சிசனும் சேரும்போது துரு உண்டாகிறது. 1948இல் லேண்ட்ரோவர் வெளிவந்தபோது இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால், அதன் மேலுடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். செசியோ, உருக்குத் தகடுகளை ஒட்டிய பெட்டிக் குழாய். ஆகவே மேலே பார்த்தால் வண்டி நன்றாகவே தெரியும். அடியில், குழாய்க்குள் சேறு தங்கி உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். பசளை மூட்டை ஏற்றிய வண்டியில், சிந்திய உப்பினால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

ஒருமுறை நாம் ஒரு குழுவோடு வண்டி பார்க்கச் சென்றோம். அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. முற்பணம் கொடுத்த பிறகே பின் குறுக்குச் சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். அது பிடிவரை உள்ளே இறங்கியது! முதலில் குத்தியிருக்க வேண்டும். பிறகே பணத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்; உறுதியான தாங்கிகள் தேவை. சிறு சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். பின் குறுக்குச் சட்டம், வில்லுத் தகடு பிடிக்கும் இடங்கள், பக்கக் கைகள் ஆகியவற்றை விடாமல் சோதியுங்கள்.

2. இறுகிய போல்டைக் கழற்றுதல்

துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மரைகளுக்கிடையில் அது நிரம்புவதால்தான் நட்டு அசைவதில்லை. இங்கே பலத்தைவிடப் பொறுமையே வேலை செய்யும்.

அ. வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.

ஆ. துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையுமாக இரண்டு மூன்று நாள் இடுங்கள். கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து இடலாம். அது மெதுவாகவே வேலை செய்யும். இடையிடையே போல்ட் தலையில் சுத்தியலால் தட்டுங்கள்.

இ. வாய் திறந்த ஸ்பனர் முனைகளை மழுக்கிவிடும். வளைய ஸ்பனரே ஏற்றது. முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் முன்னும் பின்னுமாகத் திருப்பி, மீண்டும் எண்ணெய் இடுங்கள்.

ஈ. அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்துவிட்டு வெல்டிங் பாஸைக் கொண்டு நட்டை மட்டும் சூடாக்கலாம். நட்டு விரிந்து பிடி தளரும். பெற்றோல் தாங்கி, பிரேக் குழாய், ரப்பர், நாகம் பூசிய பாகம் ஆகியவற்றின் அருகே தீ ஆகாது.

உ. அதற்கும் இணங்காவிட்டால் வாளால் அறுத்துவிடுங்கள். வில்லுத் தகட்டுப் போல்டுகள் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழலோடு ஒட்டிக்கொள்வதால், பெரும்பாலும் இதுவே வழி. போல்ட் போனால் வேறு வாங்கலாம். செசி கிழிந்தால் செலவு பெரிது.

புதுப் போல்ட் பழையதற்குக் குறையாத பலமுள்ளதாக இருக்கட்டும். பழைய லேண்ட்ரோவர்களில் அங்குல மரைகளே அதிகம்; மில்லிமீற்றர் போல்டைப் பலவந்தமாக ஏற்றாதீர்கள். மாட்டும்போது மரையில் கிரீஸ் பூசுங்கள். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரியும். இடையில் பெயின்ட் பூசுங்கள்.

3. செசியைக் காத்தல்

சேற்றைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, செதில் துருவைச் சுரண்டுங்கள். எஞ்சிய மெல்லிய துருவுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த துரு மாற்றியைக் கையுறையுடன் பூசி, அது காய்ந்தபின் துருத்தடைப் பூச்சும் பெயின்ட்டும் இடுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிவிட்டே தகடு ஒட்ட வேண்டும். துருவின்மேல் ஒட்டிய தகடு, லோட்டோடு இறக்கத்தில் வரும்போது கைவிட்டுவிடும். ஒட்டுவதற்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். செசி இலக்கம் பொறித்த இடத்தில் வாளோ கிரைண்டரோ படக்கூடாது. பதிவுப் புத்தகத்தோடு அது ஒத்திருக்க வேண்டும்.

குழாயின் அடியிலுள்ள நீர் வடி துளைகளை மாதம் ஒருமுறை குத்தித் திறந்துவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் வண்டியின் ஆயுளைக் கூட்டும் வேலை இதுவே.

குழுவில் கலந்துரையாட:

1. வண்டி வாங்குமுன் அடியில் படுத்துச் சோதிக்க நம்மில் யார் பொறுப்பு?
2. செசி முழுவதும் அரித்திருந்தால், கொடுத்த முற்பணத்தை விட்டுவிடும் துணிவு நமக்கு உண்டா?
3. மாதப் பராமரிப்பை முறைவைத்து எப்படிப் பகிர்ந்துகொள்வோம்?