நாளை என்றாலே 'வில்' அல்ல

ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றால் 'வில்' போட வேண்டும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். நம் லூமுட் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதையே மனப்பாடமாக ஏற்றுகிறோம். தமிழில் 'வ்', 'ப்' என்று இடைநிலை இருக்கிறது. மலாயில் 'அக்கான்' இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது நம் கணக்கு. அப்படி எதுவும் இல்லை. ஆங்கில வினை நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும்தான் வடிவம் மாறும். எதிர்காலத்தைச் சொல்லப் பல வழிகள் உண்டு. 'வில்' அவற்றுள் ஒன்று.

அடுத்த தவறான நம்பிக்கை, 'கோயிங் டு' பக்கத்தில் நடப்பதற்கு, 'வில்' தள்ளி நடப்பதற்கு என்பது. இதைக் கிளப்பிவிட்டவர் யாரோ! வேறுபாடு தூரத்தில் இல்லை. முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. கப்பல் பட்டறையில் மேலாளர், "பொருள் அனுப்புபவரைக் கூப்பிட்டாயா?" என்று கேட்கிறார். 'ஐ ஆம் கோயிங் டு கால் ஹிம்' என்றால், முன்பே நினைத்து வைத்திருக்கிறேன் என்று பொருள். 'ஐ வில் கால் ஹிம்' என்றால், நீங்கள் கேட்டதும்தான் முடிவு செய்தேன் என்று காதில் விழும். நன்றாக வேலை செய்கிறவன் மறதிக்காரன் என்று பெயர் வாங்குவது இப்படித்தான். கண்முன் அறிகுறி தெரிந்தாலும் 'கோயிங் டு'தான்: கடல் மேல் கருமேகம் திரண்டால் 'இட்ஸ் கோயிங் டு ரெயின்'.

நிகழ்கால வடிவம் நாளைக்கு ஆகாது என்பார்கள். 'நாளைக்குப் பங்கோர் தீவுக்குப் போறேன்' என்று நாமே நிகழ்காலத்தில்தானே பேசுகிறோம்? ஏற்பாடு முடிந்துவிட்டால் ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் விசிட்டிங் பங்கோர் டுமாரோ'. ஜெட்டியில் ஃபெர்ரி நேரம் கேட்பதானால் 'வாட் டைம் டஸ் த ஃபெர்ரி லீவ்?' கால அட்டவணைக்கு வெறும் நிகழ்காலமே போதும்.

'ஐ', 'வீ' வந்தால் 'ஷெல்' என்பது 1653இல் ஜான் வாலிஸ் தம் இலக்கண நூலில் வகுத்த விதி. இன்றைய பேச்சில் அது பெரும்பாலும் 'ஷெல் வீ கோ?' போன்ற கேள்விகளோடு நின்றுவிட்டது.

மதிப்பெண்ணைக் கரைக்கும் பிழை வேறு. 'அவர் வரும்போது' என்பதை அப்படியே பெயர்த்து 'வென் ஹி வில் கம்' என்று எழுதுகிறோம். நேரத்தைச் சொல்லும் 'வென்', நிபந்தனை சொல்லும் 'இஃப்' இரண்டையும் அடுத்து இங்கே 'வில்' வராது. 'வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இதை இன்றே திருத்திவிடுங்கள்.