வழி மாறினால் ஏன் அலறுகிறான்?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன், பள்ளிக்கு வேறு தெரு வழியாகப் போனால் அலறுகிறான். பிடிவாதமா?

பதில்: இல்லை, அம்மா. 1943-இல் பால்டிமோர் நகர வைத்தியர் லியோ கானர், தாம் கண்ட 11 குழந்தைகளை வருணித்தபோதே, எல்லாம் மாறாதிருக்க வேண்டும் என்ற தவிப்பை இந்நிலையின் பிரதான லக்ஷணங்களுள் ஒன்றாகக் குறித்தார். நிறம் பார்த்துச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கையில், முன்னறிவிப்பின்றி வடிவம் பார்த்துப் பிரிக்கும்படி விதி மாறும் பரீக்ஷையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பலர் பழைய விதியையே பற்றி நிற்பதுண்டு. ஆனால் மாற்றத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டால், அவர்களுள் பலர் ஏனைய குழந்தைகளைப் போலவே செய்துவிடுகிறார்கள் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆகையால், வழக்கமான சாலை அடைபட்டிருக்கும் நாளில், புறப்படுமுன் புதிய வழியைக் காகிதத்தில் வரைந்து, திரும்பும் முனையிலுள்ள பிள்ளையார் கோயில் போன்ற அடையாளத்தையும் குறித்து, அவன் கையிலேயே கொடுங்கள். அப்போதும் அழுதால் அதட்டாதீர்கள்; அது பயம்.