காடாம்புலியூர் ரோட்டுக்கு எந்த ஷாக், எந்த பிரேக்?

பண்ருட்டியில் கிளம்பி காடாம்புலியூர் வழியாக வடலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு கார் பார்க்கவேண்டிய எல்லாவற்றையும் பார்த்துவிடும். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியே தஞ்சாவூர் போகும் தேசிய நெடுஞ்சாலை இது. பழைய எண் 45சி, புதிய எண் 36. நான்கு வழியாக்கும் வேலை 2018-ஐ ஒட்டித் தொடங்கி வருடக்கணக்கில் இழுத்ததில், இந்தப் பக்கத்து வண்டிகள் மாற்றுப்பாதைப் பள்ளத்திலும் கொட்டிவைத்த ஜல்லியிலும் ஓடியே கிழடுதட்டிப் போயின. நல்ல ரோடு கிடைத்த இடத்தில் ஊசி நூறைத் தொடும். அடுத்த நிமிடம் சாலையோரப் பலாப்பழக் கடையைப் பார்த்துவிட்டு முன்னால் போகிறவர் இண்டிகேட்டர்கூடப் போடாமல் ஓரங்கட்டுவார். முந்திரித் தோப்புக்குள் திரும்பினால் செம்மண் பாதை. நெய்வேலியை நெருங்கினால் கனரக லாரிகள்.

இந்த ரோட்டில் ஓடும் ஒரு ஸ்விஃப்டையோ ஐ20-யையோ வைத்துக்கொண்டு, "வண்டி இன்னும் கெட்டியா நிக்கணும், பிரேக் இன்னும் கப்புனு பிடிக்கணும்" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்காரர் முதலில் காட்டுவது பெரும்பாலும் விலை கூடின பெட்டியை. இந்த மண்ணில் பலன் தருவது அந்தப் பெட்டி இல்லை என்பது என் கட்சி. பள்ளமோ, ஜல்லியோ, நனைந்த தாரோ, டயர் தரையை விட்டு எழும்பாமல் இருக்கவேண்டும். ஹேண்ட்லிங் என்பதில் முக்கால்வாசி அதுதான். காசு செலவழிக்கும் வரிசையும் அதை வைத்தே அமையவேண்டும்.

முதலில், வண்டி பிறந்தபோது இருந்த குணம் இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது, எழுபதாயிரம் கிலோமீட்டர் இந்தப் பக்கம் ஓடிய காருக்கு "அப்கிரேட்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது தேய்ந்த சாமானை மாற்றுவதுதான். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றி ஷாக் அப்சார்பரின் உடம்பைப் பாருங்கள். செம்மண் தூசி உதிர்ந்து காய்ந்திருந்தால் நல்லது. ஈரப்பசையோடு கருப்பாக அப்பிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் கசிகிறது. பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கிண்ணம் கிண்ணமாக மேடுபள்ளம் தட்டுப்பட்டால், ஷாக் வேலை செய்யாமல் சக்கரம் தரையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கும். (அலைன்மெண்ட், பேலன்சிங் கெட்டாலும் டயர் ஒழுங்கற்றுத் தேயும். அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.) பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்பவேண்டாம். பாதி செத்த ஷாக்கும் அதில் பாஸாகிவிடும்.

சின்னச் சின்னக் குழியில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க் ராடு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முறுக்கிவிட்டது போல் சத்தம் வந்தால் ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்ட். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே பிரேக்கைப் பழிக்கவேண்டாம், லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். இவையெல்லாம் விலை குறைந்த ரப்பரும் பால் ஜாயிண்ட்டும்தான். ஆனால் இவற்றை மாற்றிவிட்டு வடலூர் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால், பாதிப் பேருக்கு மேற்கொண்டு செலவழிக்கத் தோன்றாது.

ஷாக்கை மாற்றுவதாக இருந்தால் ஜோடியாக மாற்றவேண்டும். இடது புதிது, வலது பழசு என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். கம்பெனி ஒரிஜினலா, வெளிச்சந்தை பிராண்டா என்பது அவ்வளவு பெரிய கேள்வியில்லை. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்கள். கவலைப்படவேண்டியது போலிச் சாமானைப் பற்றி. பில்லும் ஹாலோகிராமும் இல்லாத "அதே குவாலிட்டி" டப்பாவை வாங்காதீர்கள்.

இனி வண்டியை இறக்கும் ஆசை. கடலூரிலும் சிதம்பரத்திலும் இளைஞர்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, ரெண்டு இஞ்ச் எறக்கிடலாமா?" நல்ல மெக்கானிக் என்றால், "எறக்கலாம் தம்பி, வீட்டுக்கு எப்படி போவ?" என்பார். கணக்கைப் பாருங்கள். 2018 ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். இரண்டு இஞ்ச் என்பது சுமார் 50. மிச்சம் 113. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988-ஆம் ஆண்டு வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அதாவது 100 மில்லிமீட்டர். விதிப்படி கட்டியதைத் தாண்டவே கைவசம் 13 மில்லிமீட்டர்தான், அதுவும் ஆளில்லாத வண்டிக்கு. நம்மூர்த் தெருக்களில் ஆளாளுக்குக் கட்டிய வேகத்தடைகள் எந்த வரையறையைப் பார்த்தன என்று உங்களுக்கே தெரியும். அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் நாலு பலாப்பழமும் ஏறினால் அடி தட்டாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இறக்கினால் வளைவில் சாயாது என்கிறார்கள். பாதி உண்மை. சின்ன கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் லோயர் ஆர்மை ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்கும்படி கம்பெனி வைத்திருக்கும். வண்டியை ரொம்ப இறக்கினால் அந்த ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். சாய வைக்கும் நெம்புகோல் நீளமாகிறது என்று அர்த்தம். இதைச் சமாளிக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போடவேண்டும், அந்த ஸ்பிரிங்கை அடக்க இன்னும் பலமான ஷாக் வேண்டும். செலவு இப்படித்தான் ஏறும்.

ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டி இறக்குவது எல்லாவற்றிலும் மோசம். சுற்று குறைந்தால் மிச்சமுள்ள ஸ்பிரிங் அந்த விகிதத்தில் விறைக்கும், ஆனால் ஷாக் பழையதாகவே இருக்கும். வண்டியைத் தூக்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் செய்யும். எந்த விலையிலும் இது வேண்டாம்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் அல்லது யூரித்தேன் பஃபரைப் பற்றி நிறைய விளம்பரம் வருகிறது. அடி தட்டுவதை அது கொஞ்சம் குறைக்கும். தினமும் பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சரக்கும் ஏற்றுகிறவர், பின்பக்கத்துக்கு மட்டும் போட்டால் ஓரளவு அர்த்தம் உண்டு. ஆனால் அந்தச் சுற்றை வேலை செய்யவிடாமல் தடுத்துத்தான் அது உயரத்தைக் காப்பாற்றுகிறது. தனியாக ஓட்டும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். முன்பக்கத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உயரத்தையும் விறைப்பையும் திருகி மாற்றக்கூடிய கோயிலோவர் செட் நல்ல பொருள்தான், இடம்தான் வேறு. 1990-இலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். அங்கே தார் வழுவழுப்பு; விறைப்பாக இருந்தால் நேரம் குறையும். ஜல்லி ரோட்டில் அதே விறைப்பு சக்கரத்தைப் பள்ளத்துக்குள் இறங்கவிடாது, மேட்டில் துள்ளவைக்கும். காற்றில் இருக்கும் டயர் திரும்பவும் திரும்பாது, நிற்கவும் நிற்காது. மெத்தென்று இருந்தால் ஹேண்ட்லிங் போச்சு என்பதும் முழுசாகச் சரியில்லை. 1948-ல் பிரான்சில் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி-க்கு வைத்த நிபந்தனையே, உழுத வயலில் ஒரு விவசாயி ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றும் உடையக்கூடாது என்பது. படகு போல் சாயும் கார். சாய்ந்தபடியே நாலு சக்கரமும் தரையைக் கவ்வியிருக்கும். முந்திரித் தோப்புக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டையைவிட அந்த விவசாயிதான் நெருங்கிய சொந்தம்.

கோயிலோவருக்கு ஆகும் காசில் நாலு டயரையும் நாலு ஷாக்கையும் புதிதாக மாற்றிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். டயர்தான் நிஜமான அப்கிரேட். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் வயதான ரப்பர் விறைத்துவிடும், மழையில் பிடிக்காது. அளவு கூட்டவேண்டும் என்றால், கீழ் வேரியண்ட் ஸ்விஃப்டில் வரும் 165/80 ஆர்14-க்குப் பதில் அதே காரின் மேல் வேரியண்ட்டில் வந்த 185/65 ஆர்15 போடலாம். மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 195/55 ஆர்16 போட்டாலும் விட்டம் பொருந்தும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 107-க்குக் குறைந்துவிடும். கூர்மையான விளிம்புள்ள ஒரு குழி போதும், பக்கத்தில் முட்டை கட்டிவிடும், அலாயும் நெளியும். பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லோடு ஏற்றும் நாளில் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமைக் காற்றழுத்தத்தை வையுங்கள். காசில்லாத அப்கிரேட் அது.

பிரேக்குக்கு வருவோம். எங்காவது காலி ரோட்டில், பின்னால் யாரும் வராதபோது, நாற்பதில் பெடலை ஓங்கி மிதியுங்கள். ஏபிஎஸ் காலடியில் அதிர்ந்தால், பிரேக்குக்குப் பலம் போதும், டயருக்குத்தான் பிடிப்பு போதவில்லை. அந்தக் காருக்குப் பெரிய டிஸ்க் போட்டாலும் நிற்கும் தூரம் குறையாது. கணக்குப்படி, நல்ல பிடிப்புள்ள காய்ந்த தாரில் எண்பதில் போகும் கார் நிற்க 36 மீட்டர் போல ஆகும். நனைந்த ரோட்டில் பிடிப்பு குறைந்தால் அது 60-ஐத் தாண்டும். அறுபதில் போனால் காய்ந்த தாரில் 20 மீட்டர்தான். பிரேக் பெடலை மிதித்த பிறகான தூரம் மட்டுமே இது. வேகத்தில் இருபதைக் குறைப்பதற்கு ஈடான டிஸ்க் எந்தக் கடையிலும் இல்லை.

பெரிய டிஸ்க்கும் துளை போட்ட டிஸ்க்கும் சூட்டைத் தாங்குவதற்காக. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் அடிக்கடி இறங்குகிறவருக்கு அது பயன்படலாம். கடலூர் மாவட்டம் சமவெளி. இங்கே பிரேக்கைக் கெடுப்பது சூட்டைவிட ஈரமும் உப்புக்காற்றும் தூசியும்தான். கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பேட் தேய்ந்து தகடாக இருக்க, எதிர்ப்பக்கத்துப் பேட் பாதிகூடத் தேயாமல் இருந்தால் இதுதான் காரணம். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைத்தாலே பெடல் மாறிப்போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டாட் 3 வண்டிக்கு டாட் 4 பொதுவாக ஒத்துப்போகும், மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கான். பெயர் அடுத்த எண் போலிருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள்.

பேட் விஷயத்தில் கம்பெனி தரத்தையோ, சென்னைக்காரர்களான பிரேக்ஸ் இந்தியா, ரானே தயாரிப்புகளையோ தாண்டவேண்டிய அவசியம் தினசரி ஓட்டத்துக்கு இல்லை. பந்தயப் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது முதல் சிக்னலில் அது சில்லென்றுதான் இருக்கும். பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது வேண்டவே வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி பிரித்துவைத்த பிரேக் விகிதம் கெடும். பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஹேண்ட் பிரேக் இணைப்பும் தனித் தலைவலி. டிரம்மைத் திறந்து செம்மண் பொடியைத் துடைத்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். ஒரு விஷயம்: தோப்புப் பாதையில் உதிரி மண்ணிலும் ஜல்லியிலும் ஏபிஎஸ் இருந்தால் நிற்கும் தூரம் கூடும். கருவி பழுதில்லை, அதன் இயல்பு அது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம். தேய்ந்ததற்கு அதே அளவில் புதியது போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பிரிங், டிஸ்க் என்று கை வைத்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மெண்ட். ஷாக்கும் லோயர் ஆர்மும் மாற்றிவிட்டு இதைத் தவிர்த்தால் புது டயர் சில மாதத்திலேயே ஒரு ஓரம் தேய்ந்து நிற்கும். புதிய பேட் போட்ட அன்று நெடுஞ்சாலையில் ஏறி உடனே நூறைத் தொடாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் ஐம்பதிலிருந்து பத்து வரை மிதமாக பிரேக் போட்டு, நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படி எட்டு பத்து தடவை செய்யுங்கள். பிறகு அஞ்சு நிமிடம் பிரேக்கே தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிறுத்திவைத்தால் டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் பேட் அப்பி, பின்னாளில் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும்.