பழங்காசுகளை அறிதலும் காத்தலும்

உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பழங்காசுகள் அகப்படுவதுண்டு. கண்டெடுத்தவர் பலர் அவற்றைப் பூசைப் பாத்திரம்போல் எண்ணிப் புளியிட்டுத் துலக்கிவிடுகின்றனர். அதனால் விளையும் கேட்டினை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

காசின் வரலாறு அதன் முகத்திலேயே உள்ளது. கிருஷ்ணதேவராயர் (1509–1529) வெளியிட்ட பொற்காசுகளில் ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பாலகிருஷ்ணனையும், மறுபுறம் நாகரி எழுத்தில் மன்னர் பெயரையும் காணலாம். முதலாம் இராஜராஜனின் செப்புக்காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதனருகே நாகரியில் அவன் பெயரும் உள. இவ்வெழுத்துத் தேய்ந்தால், யார் காசு என்பதற்குச் சான்று எங்கே?

செம்பின்மீது கெட்டியாகப் படிந்த பச்சை அழுக்கன்று. உலோகத்தைக் காக்கும் போர்வையாகும். வெளிர்பச்சைத் தூளாக உதிருமாயின் அது நோய். மண்ணின் உப்பும் காற்றின் ஈரமும் கூடிச் செம்பினை அரிக்கின்றன. அக்காசினைத் தனியே பிரித்து, ஈரமற்ற இடத்தில் வைத்து, அருங்காட்சியக வல்லுநரிடம் காட்டுக. வியர்வையிலும் உப்பு உண்டாதலின், எக்காசினையும் விளிம்பைப் பற்றியே எடுத்தல் நன்று.

கிடைத்த இடம், ஆழம், உடனிருந்த பானையோடு ஆகியவற்றையும் குறித்து வைக்க வேண்டும். உலோகங்காட்டும் கருவியுடன் பழைய மேடுகளைக் கிளறுவோர் இச்சான்றுகளையே அழிக்கின்றனர். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையாகும். துலக்காமல், மறைக்காமல் ஒப்படைக்கும் காசே நம் முன்னோர் வரலாற்றை நமக்கு உரைக்கும்.