மெழுகுவர்த்திக்கு ஏற்ற கண்ணாடி ஜாடியைத் தேர்ந்தெடுத்தல்

மெழுகுவர்த்தி செய்தல் சிறு முதலீட்டில், வீட்டின் ஒரு மூலையிலேயே நடத்தக்கூடிய கைத்தொழிலாகும். அச்சில் வார்க்கும் வர்த்தியோடு, கண்ணாடி ஜாடியில் திரியை நிறுத்தி மெழுகை ஊற்றி அப்படியே எரிக்கும் வகையும் இக்காலத்தில் பெருகியுள்ளது. சுய உதவிக் குழுக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் இதனைக் கற்பிக்கும்போது மெழுகின் நிறமும் மணமும் முதலிடம் பெற்றுவிடுகின்றன. ஜாடியோ, கையில் கிடைத்த ஏதோ ஒன்றாக அமைந்துவிடுகிறது.

இது அபாயத்திற்கு இடந்தருவது. ஜாடி வர்த்தியில் உருகிய மெழுகையும் எரியும் திரியையும் தாங்கி நிற்பது ஜாடி ஒன்றே. மின்சாரம் நின்ற இரவில், திரைச்சீலைக்கு அருகே அது வெடிக்குமாயின், மெழுகு தீயுடன் பரவக்கூடும். வர்த்தியைச் செய்தவர் அப்போது அருகில் இருக்கமாட்டார். வாங்கியவரின் வீட்டில்தான் அது நிகழும். ஆகவே ஜாடியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

கண்ணாடி வெடிப்பது ஏன்?

தேநீர்க் கடைக்காரர் தேநீரை ஊற்றுமுன் கண்ணாடித் தம்ளரை வெந்நீரில் அலசுவதைக் காண்கிறோம். தூய்மைக்காகச் செய்யும் இச்செயலால் வேறொரு பயனும் உண்டு. தம்ளர் முன்கூட்டியே சூடேறுவதால், தேநீரின் உஷ்ணம் அதனைத் திடீரெனத் தாக்குவதில்லை.

கண்ணாடி உஷ்ணத்தை எளிதிற் கடத்தாத பொருள். சூடான திரவத்தை ஊற்றியவுடன் உட்புறம் விரிவடைகிறது. வெளிப்புறமோ இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. விரியும் உட்புறம் விரியாத வெளிப்புறத்தை இழுக்கிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றலோ அதற்கு மிகக் குறைவு. எனவே வெளிப்புறத்தில் கீறல் தோன்றி ஜாடி பிளக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தடித்த ஜாடி உறுதியானது என்பது பொதுவான எண்ணம். கீழே விழுந்தால் அது ஓரளவு தாங்கலாம். ஆனால் உஷ்ணத்தைப் பொறுத்தவரையில், சுவர் தடிக்கத் தடிக்க உள்ளும் புறமும் உஷ்ண வேறுபாடு மிகுகின்றது. சுவர் மெல்லியதாயும் அடிப்பாகம் மட்டும் மிகத் தடித்ததாயும் உள்ள ஜாடியில், இரண்டும் சேருமிடத்தில் வெடிப்பு நேர்வதுண்டு. மிகத் தடிப்பும் மிக மெல்லிமையும் இன்றி, எங்கும் ஒரே சீரான கனமுடைய ஜாடியே ஏற்றது.

கண்ணாடியின் வகைகள்

ஊறுகாய், ஜாம் முதலியவை அடைத்து வரும் ஜாடிகள் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியாலானவை. இதில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிலிக்காவும், எஞ்சியதில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும் ஆகும். ஆய்வுக்கூடத்துப் பீக்கர்கள் போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனவை. போரான் ஆக்சைடு சேர்ந்திருப்பதால் இக்கண்ணாடி உஷ்ணத்தால் குறைவாகவே விரிகிறது.

ஒரு கணக்கால் இதனை மாணவர்க்கு விளக்கலாம். 25 செ.மீ. சுற்றளவுள்ள ஜாடியின் உஷ்ணநிலை 60 டிகிரி சென்டிகிரேடு உயர்வதாகக் கொள்வோம். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 9 பங்கு விரியும். எனவே அதன் சுற்றளவு சுமார் 0.135 மி.மீ. கூடும். போரோசிலிகேட் விரிவது பத்து லட்சத்தில் 3.3 பங்கு, எனவே அதன் சுற்றளவு சுமார் 0.05 மி.மீ. மட்டுமே கூடும். ஒரு மயிரிழை அளவேயான இவ்வேறுபாடே ஜாடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

போரோசிலிகேட் ஜாடி சிறந்ததாயினும் விலை மிகுந்தது. சாதாரணக் கண்ணாடியும், முறைப்படி பதப்படுத்தப்பட்டிருக்குமாயின், இத்தொழிலுக்குப் பயன்படும். வார்த்த கண்ணாடியை ஏறக்குறைய 550 டிகிரியில் வைத்துப் பின் படிப்படியாகக் குளிரவிடுவதே பதப்படுத்தல். அவசரமாகக் குளிர்ந்த கண்ணாடியில் உள்விசைகள் தங்கிவிடுகின்றன. அது பார்வைக்கு நன்றாயிருப்பினும், சிறிது உஷ்ணம் பட்டவுடன் பிளக்கக்கூடும். பூச்சாடி, அலங்காரக் கிண்ணம், காம்புள்ள மதுக்கிண்ணம் ஆகியவை உஷ்ணத்தைத் தாங்குவதற்கென உருவாக்கப்பட்டவை அல்ல, இவற்றை விலக்குக.

வடிவமும் அளவும்

வாய், வயிற்றைவிடக் குறுகியிருத்தல் ஆகாது; குறுகிய கழுத்தில் சுடரின் உஷ்ணம் குவிகிறது. வாயும் அடியும் ஒரே அகலமாகவோ, வாய் சற்று அகன்றோ இருத்தல் நலம். ஒற்றைத் திரிக்கு 6 முதல் 8 செ.மீ. உள்விட்டம் பொருந்தும். 10 செ.மீ.க்கு மேற்பட்ட ஜாடிக்கு இரண்டு அல்லது மூன்று திரிகள் வேண்டும். திரி நடுவில் நிற்றல் அவசியம். ஒருபுறம் சாய்ந்தால் சுடர் சுவரைத் தாக்கும்.

உயரம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கிற்கு மேற்படாதிருப்பது நன்று. ஆழமான ஜாடியில் மெழுகு இறங்க இறங்கக் காற்றோட்டம் குறைந்து கரி படியும். சமதளத்தில் வைத்தால் ஆடாத, அகன்ற அடியுடையதாகவும் ஜாடி இருக்கவேண்டும்.

வாங்குமுன் சோதித்தல்

மண்சட்டி வாங்குவோர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல ஜாடியையும் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி இல்லையேல் கீறல் இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்து விளிம்பில் சிதைவு, சுவரில் குமிழி, உராய்வுத் தடம் ஆகியவை உளவா என நோக்குக. சிறு கீறல்களே கண்ணாடியின் வலிமையைப் பெரிதும் குறைக்கின்றன என்பதைக் கிரிஃபித் என்னும் ஆங்கில அறிஞர் 1921இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். ஆதலின் பழைய ஜாடிகளை இரும்பு நார் கொண்டு தேய்த்தல் கூடாது. சோப்பு நீரும் மென்துணியும் போதும்.

பதப்படுத்தலில் உள்ள குறையைக் காண்பதற்கு எளிய வழியொன்று உண்டு. கணிப்பொறியின் எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி தளவிளைவுற்றது. திரையை வெண்மையாக ஒளிரச் செய்து, அதன் எதிரே ஒரு போலராய்டு தகட்டைத் திரை இருளும்வரை திருப்புக. இப்போது திரைக்கும் தகட்டுக்கும் இடையே ஜாடியைப் பிடித்தால், உள்விசை குறைந்த கண்ணாடி ஏறத்தாழ இருண்டே தோன்றும். உள்விசை மிக்க இடங்கள் வெண்ணிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ ஒளிரும். ஜாடியை நோக்குமுன், பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்தால் வண்ணங்கள் தெளிவாகத் தெரியும். ஒளியியல் பாடத்தைத் தொழிலோடு இணைத்துக் கற்பிக்க இது நல்ல வாய்ப்பு.

அடுத்தது நீர்ச் சோதனை. ஒரே வகை ஜாடிகள் பல வாங்குவதாயின், சிலவற்றை 65 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, இடுக்கியால் எடுத்து உடனே 25 டிகிரி நீரில் அமிழ்த்துக. ஒன்றேனும் பிளந்தால் அத்தொகுதியை ஏற்கலாகாது. ஆசிரியரே கண்ணுக்குக் காப்பும் கைக்குத் தடித்த உறையும் அணிந்து இதனைச் செய்யவேண்டும். மாணவர் விலகி நிற்கவேண்டும். சோதித்த ஜாடிகளில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் நேர்ந்திருக்கக்கூடுமாதலால், அவற்றை விற்பனைக்குப் பயன்படுத்துதல் கூடாது.

மெழுகை ஊற்றுங்கால்

பாரபின் மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே உருக்குக. சாதாரணமாக 70 முதல் 80 டிகிரியில் அது ஊற்றப்படுகிறது. சென்னையில் 30 டிகிரியில் உள்ள ஜாடிக்கும் இம்மெழுகிற்கும் வேறுபாடு 50 டிகிரிக்குள் அடங்கும். சிம்லா போன்ற மலையூர்களிலோ குளிர்காலத்தில் ஜாடி 10 டிகிரியில் இருக்கலாம். வேறுபாடு 70 டிகிரியாகிவிடும். மெழுகு, நீரைவிட மெல்ல உஷ்ணத்தைத் தருவதெனினும், ஜாடியை வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ சூடேற்றி, ஈரமின்றித் துடைத்த பின்னரே ஊற்றுவது எவ்வூரிலும் நல்ல பழக்கம். ஊற்றிய ஜாடியை ஈரமான தரையில் வைக்கலாகாது.

எரித்துப் பார்த்தல்

எச்சோதனையில் தேறினும், ஒரு ஜாடியை முழுவதும் எரித்துப் பார்த்தபின்னரே மற்றவற்றை விற்கவேண்டும். திரியை 5 மி.மீ. அளவுக்குக் கத்தரித்து, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆளிருக்கும்போதே எரிக்கவேண்டும். ஜாடியின் வெளிப்புறத்தைக் கையால் தொட்டுப் பிடிக்க முடியவில்லையாயின் திரி பெரிது அல்லது ஜாடி சிறிது என அறிக. விளிம்பில் கரி மிகப் படிவதும் பொருத்தமின்மையைக் காட்டும்.

இறுதிக் கட்டமே பெரும்பாலும் கவனியாது விடப்படுவது. மெழுகு குறைந்தபோது சுடர் அடியை நெருங்குகிறது. ஜாடி மிகவும் துன்புறுவது அப்போதுதான். உயர்ந்த கழுத்துள்ள திரித் தகட்டைப் பொருத்தினால், சுடர் அடியைத் தொடுமுன் தானே அணையும். 1 செ.மீ. மெழுகு எஞ்சும்போது அணைத்துவிட வேண்டுமென ஜாடியின் மேல் சீட்டு ஒட்டுவதும் கடமையாகும். மெழுகு தீப்பற்றினால் நீரை ஊற்றக் கூடாது. நீர் ஆவியாகிச் சீறி, எரியும் மெழுகை வெளியே சிதறடிக்கும், ஜாடியும் வெடிக்கும். ஜாடியை உலோக மூடியால் மூடித் தீயை அணைக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு ஜாடியோடும் பொருத்தமான உலோக மூடி ஒன்றும் சேர்த்துத் தருக.

மைக்கேல் ஃபாரடே 1860-61ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டனில் ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாகக் கொண்டு இளைஞர்க்கு ஆறு விரிவுரைகள் ஆற்றினார். அவ்வர்த்தி ஒரு ஜாடிக்குள் இறங்கும்போது விரிவும் இழுவிசையும் ஒளியியலும் அப்பாடத்தில் சேர்கின்றன. இவற்றை அறிந்து ஜாடியைத் தேர்ந்தெடுப்போர் வாங்குபவரின் வீட்டைக் காக்கின்றனர். தம் தொழிலின் நற்பெயரையும் காக்கின்றனர்.