சிறு மண்டபத்தில் இசை நிகழ்ச்சி: ஒலியமைப்பில் நாம் கவனிக்க வேண்டியவை

ஒளிவிழா, ஆசிரியர் தினம், பாடகர் குழுவின் ஆண்டு நிறைவு என்று ஆண்டில் பல தடவைகள் நமது பங்கு மண்டபங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் சிறிய இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பிள்ளைகள் வாரக்கணக்காகப் பயிற்சி பெறுகிறார்கள். பெற்றோர் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து அமருகிறார்கள். ஆனால் நிகழ்ச்சி தொடங்கியதும் ஒலிபெருக்கி கூவுகிறது, பாட்டு இரைச்சலாகிறது, முன்வரிசையில் இருப்போர் காதைப் பொத்துகின்றனர், பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்கோ பேரப்பிள்ளை பாடிய ஒரு சொல்லும் விளங்கவில்லை. பல நாள் உழைப்பு இவ்வாறு வீணாவதற்குப் பணக்குறைவு காரணமன்று. ஒலியைப் பற்றிய சில அடிப்படை உண்மைகளை அறியாமையே காரணம். அவற்றை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒலிபெருக்கியின் தொடக்கம்

கூட்டத்தினர் கேட்கும்படி ஒலியைப் பெருக்கும் கருவி தோன்றி நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது. பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹாம் என்னும் இருவர் தாம் அமைத்த கருவியை 1915ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மாக்னவொக்ஸ்'. இலத்தீன் மொழியில் இதன் பொருள் 'பெருங்குரல்' என்பதாகும். அன்று பெருங்கூட்டத்துக்கென அமைந்த கருவி இன்று ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பெட்டியாகிவிட்டது. 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும், அதனை இயக்கும் அம்பிளிபயரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

சிறிய ஸ்பீக்கர் போதுமா?

நூற்றைம்பது பேர் அமரும் மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடையிலிருந்து கடைசி வரிசை 16 மீற்றர் தூரம். ஸ்பீக்கரின் விபரத்தாளில் 1 மீற்றர் தூரத்தில் உச்ச ஒலி 120 டெசிபெல் எனப் போட்டிருக்கிறது. உச்ச அளவில் எந்நேரமும் இயக்க முடியாது. ஆகவே 10 கழித்து 110 என வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் குறையும். 1 மீற்றர் 2 ஆகி, 4 ஆகி, 8 ஆகி, 16 ஆகும்போது நான்கு தடவைகள் இரட்டிக்கின்றது. எனவே 24 குறைந்து 86 டெசிபெல் கடைசி வரிசையைச் சேரும். ஒரு மீற்றர் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசும் ஒருவரின் குரல் ஏறத்தாழ 60 டெசிபெல். அத்துடன் மண்டபத்தின் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இழப்பு இதனிலும் குறைவாகவே இருக்கும். ஆகவே இத்தகைய மண்டபத்துக்கு இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் தாராளமாகப் போதும்.

வாற்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் கூடாது. 500 வாற்றை 1000 வாற்று ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். ஒலி இரு மடங்காகக் கேட்பதற்குப் பத்து மடங்கு வாற்று தேவை.

உரப்பு வேறு, தெளிவு வேறு

காடு, மாடு, பாடு, வாடு என்னும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலி எல்லாவற்றிலும் ஒன்றே. முதலெழுத்தின் மெய்யொலியே பொருளை வேறுபடுத்துகின்றது. உயிரொலிகளுக்கு வலிமை அதிகம்; மெய்யொலிகள் மெல்லியவை, கணப்பொழுதில் மறைபவை. பேச்சை விளங்க வைக்கும் இம்மெல்லிய பகுதி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களிலே தங்கியுள்ளது. 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலியை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் அது மெய்யொலிகளை மூடிவிடுகின்றது. பாட்டின் இராகம் கேட்கும், சொல் கேட்காது.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் எதிரொலி நீண்ட நேரம் நிற்கும். அங்கே ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். 'விளங்கவில்லை' என்று ஒருவர் சொன்னதும் கூட்டுவது சரியான மருந்தன்று. முதலில் தாழ்ந்த ஒலியைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குரலுக்கான மைக்குகளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் சுவிச் மிக்ஸரில் இருந்தால் அதைப் போட்டுவிடுவது நன்று.

ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

1. மேடையின் இரு பக்கமும், பாடுவோருக்கும் மைக்குகளுக்கும் முன்னால் வைக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே மைக் ஒருபோதும் வரக்கூடாது.

2. மேசையிலோ தரையிலோ வைத்தால் முன்வரிசையின் உடல்களே ஒலியை மறித்துவிடும். உறுதியான தாங்கியில், அமர்ந்திருப்போரின் தலைக்கு மேலாக, ஏழடி உயரமளவில் நிறுத்துங்கள். அப்பொழுது முன்வரிசைக்கு மிஞ்சாமலும் பின்வரிசைக்குக் குறையாமலும் ஒலி பரவும். தாங்கியின் கால்களை நன்றாக விரித்து வையுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் இடமல்லவா?

3. முகத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பி, நடுவிலும் பின்னாலும் உள்ளவர்களைப் பார்க்க விடுங்கள். பக்கச் சுவரில் படும் ஒலி எதிரொலியாகவே திரும்பும்.

4. மூலையில் ஒதுக்கி வைக்காதீர்கள். சுவர் மூலை தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும்.

கூவல் ஏன் ஏற்படுகிறது?

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, மீண்டும் மைக்குக்குள் புகுகின்றது. இச்சுற்று நிற்காமல் வளரும்போது கூவல் பிறக்கின்றது. இதனை ஆராய்ந்த டென்மார்க் நாட்டுப் பௌதிகவியலாளர் லார்சனின் பெயரால் இது 'லார்சன் விளைவு' என்றும் அழைக்கப்படுகிறது. இதனைத் தவிர்க்கும் வழிகள் நான்கு.

முதலாவது, வாயை மைக்குக்கு அருகில் கொண்டுவருதல். தூரம் பாதியானால் மைக்கில் சேரும் குரல் 6 டெசிபெல் கூடும். ஓரடி தூரத்தில் பாடும் பிள்ளை மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபெல் இலாபம். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது, மைக்குகளின் தொகையைக் குறைத்தல். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் கூவலுக்கு முன் நமக்குக் கிடைக்கும் அளவில் 3 டெசிபெல் போய்விடும். இருபது பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு இரண்டு மைக்குகளே போதும். அவை பிள்ளைகளிலிருந்து 3 அடி தூரத்தில் இருப்பின், ஒன்றுக்கொன்று 9 அடியாவது இடைவெளி விடுங்கள். ஒருவரும் பயன்படுத்தாத மைக்கை மூடி வையுங்கள்.

மூன்றாவது, மைக்கின் தன்மையை அறிதல். பாடகர்கள் பயன்படுத்தும் கைமைக்குகளிற் பல முன்னால் வரும் ஒலியை நன்றாக ஏற்று, பின்னால் வருவதைத் தள்ளிவிடுபவை. ஆகவே ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கமாக இருக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் தன்மை கெட்டு, உடனே கூவத் தொடங்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக்கொடுங்கள்.

நான்காவது, மேடையிலேயே உரத்த ஒலியைக் குறைத்தல். தபேலாவும் மிருதங்கமும் சிறு மண்டபத்தில் தாமாகவே கேட்கும். அவற்றுக்கு மைக் கொடுக்குமுன், வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கவாத்தியம் தணிந்தால் குரலைத் தணிந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கச் செய்யலாம்.

மின்சாரம் விளையாட்டன்று

நம் நாட்டின் மின்னழுத்தம் 230 வோல்ற்று. உயிரைப் பறிக்கப் போதுமானது. 'ஊம்' என்ற இரைச்சலைப் போக்குவதற்காகப் பிளக்கில் உள்ள புவித்தொடுப்பைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதனை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். கருவியில் பழுது ஏற்பட்டால், கிற்றாரின் கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருக்கும் பிள்ளையின் உடலினூடாகவே மின்சாரம் பாயும். இரைச்சலுக்கு வேறு வழிகள் உண்டு. மிக்ஸரையும் ஸ்பீக்கர்களையும் புவித்தொடுப்புச் சரியாக உள்ள ஒரே மின்வழியிலிருந்து இயக்குங்கள். நீண்ட தூரத்துக்கு மூன்று முனையுள்ள மைக் வயரையே பயன்படுத்துங்கள். கீபோட்டையும் கிற்றாரையும் 'டி.ஐ. பெட்டி' எனப்படும் சிறு கருவியினூடாக இணையுங்கள்.

நடைபாதையைக் கடக்கும் வயர்களைத் தரையோடு ஒட்டிவிடுங்கள். போடும்போது மிக்ஸரை முதலிலும் ஸ்பீக்கரைக் கடைசியிலும் போடுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள். இந்த ஒழுங்கு ஸ்பீக்கரையும் காதையும் திடீர் வெடியொலியிலிருந்து காக்கும்.

பிள்ளைகளின் செவிகள்

உரத்த ஒலியால் உட்காதின் நுண்ணிய உணர்கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெலை எட்டு மணிநேரம் வரை கேட்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கென வகுக்கப்பட்டு, பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். அக்கணக்கின்படி 100 டெசிபெலில் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறையும், இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்கிறது. இது உச்ச எல்லை. பிள்ளைகள் பாடும் நிகழ்ச்சி இதனை நெருங்கவே தேவையில்லை. கைத்தொலைபேசியில் ஒலியளக்கும் வசதியைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். முன்வரிசையில் சிறுவர்களை அமர்த்துபவர்கள் அந்த இடத்தில் தாமே ஒரு பாட்டு முழுவதும் நின்று கேட்க வேண்டும்.

அயலவருக்கும் செவிகள் உண்டு. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதி தேவை. 2007ஆம் ஆண்டில் நமது உயர் நீதிமன்றம் அளித்த கட்டளைப்படி, பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இதற்கு அனுமதி இல்லை.

யார் இதைச் செய்வது?

ஒவ்வொரு இளைஞர் மன்றத்திலும் இருவரேனும் இதனைப் பொறுப்பேற்றுப் பயில வேண்டும். அவர்கள் மேடைக்குப் பின்னால் ஒளிந்திராமல் மக்கள் நடுவே அமர்ந்து, மக்கள் கேட்பதையே தாமும் கேட்க வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு மணிநேரம் முன்பாக எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு மைக்காகச் சரிபார்த்து, பாடகர் குழுவை ஒரு பாட்டேனும் பாடவைத்து, மண்டபம் முழுவதும் நடந்து கேட்க வேண்டும். வெறும் மண்டபம் எதிரொலிப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். மக்கள் வந்து நிறைந்ததும் அவர்களின் உடைகளும் உடல்களும் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும்.

நிகழ்ச்சி முடிந்தபின் எவரும் ஒலியமைப்பைப் பற்றிப் பேசாமல், பாடிய பிள்ளைகளையே பாராட்டுவார்களாயின், பொறுப்பாளர்கள் தம் கடமையைச் சரிவரச் செய்தார்கள் என்பதே பொருள்.

கலந்துரையாடலுக்கு

1. நமது மண்டபத்தில் மேடையிலிருந்து கடைசி வரிசை எத்தனை மீற்றர்? அங்கே எத்தனை டெசிபெல் சேரும்?

2. சென்ற நிகழ்ச்சியில் எத்தனை மைக்குகள் திறந்திருந்தன? அவற்றில் எவை தேவையற்றவை?

3. நம்மிடமுள்ள பிளக்குகளையும் வயர்களையும் கடைசியாகப் பரிசோதித்தவர் யார்? எப்பொழுது?