கோடையின் தொடக்கமும் குழந்தை நலமும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலத்தில் பள்ளிகள் விடுமுறைக்கு மூடப்படுகின்றன. மாரியம்மன் திருவிழாவுக்கென உறவினர் வருகின்றனர். வீடு நிறையக் குழந்தைகள்! பெரியோருக்கு இது மகிழ்ச்சியான பருவம். சிறு குழந்தைகளையுடைய தாய்க்கோ கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டிய பருவம். இவ்விஷயத்தில் தாயின் பொறுப்பு எது, ஊரின் பொறுப்பு எது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் வாழும் கோரிமேடு, புதுச்சேரி நகரின் ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த செம்மண் மேடு. கோடையில் முற்பகலிலேயே தரை சுடத் தொடங்கிவிடும். கடற்காற்று வந்து சேரும்வரை மரநிழலே புகலிடம். இங்கே ஐந்து வயது மகளையும் இரண்டு வயது மகனையும் வளர்த்து வருகையில் கண்டறிந்தவற்றையும், மருத்துவ அறிவு கூறுவனவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

குழந்தை உடலின் இயல்பு

குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதன் அன்று. பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு நம்முடையதைவிட மிகுதி. ஆகையால் வெளிவெப்பம் விரைவில் உட்புகும். வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலோ குறைவு. தாகம் எடுத்தால் வாய்விட்டுக் கேட்கவும் கைக்குழந்தைக்குத் தெரியாது. விளையாட்டில் ஈடுபட்ட பெரிய குழந்தைக்கும் தாகம் நினைவுக்கு வருவதில்லை. எனவே, கேட்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் கொடுப்பதே முறை.

அன்றாட ஒழுங்கு

காலை வெயில் ஏறுமுன்னும் மாலை வெயில் தாழ்ந்தபின்னும் குழந்தைகள் வெளியே ஓடி விளையாடட்டும். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருத்தல் நலம். மெல்லிய பருத்தி ஆடையே போதும். மண்பானை நீர், நீர்மோர், இளநீர், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு ஆகியவை நம் மண் தரும் கோடை உணவுகள். இவற்றை விட்டு, எந்த நீரில் செய்ததென்று தெரியாத வண்ணப் பனிக்கட்டிகளை வாங்கித் தருதல் நன்றன்று. கோடையில் சமைத்த உணவு விரைவில் கெடும். காலையில் ஆக்கிய சாம்பாரை மாலையில் குழந்தைக்கு ஊட்டலாகாது.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். கடும் வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தரத் தேவையில்லை. தாகத்துக்கு வேண்டிய நீரும் அப்பாலிலேயே உள்ளது. ஆனால் தாய் வழக்கத்தைவிட அதிகமாக நீர் அருந்தவேண்டும். குழந்தைக்கும் அடிக்கடி பால் கொடுக்கவேண்டும். வயலுக்குச் செல்லும் தாய்மாருக்கு இதற்கான நேரத்தைத் தருவது குடும்பத்தாரின் கடமை.

வயிற்றுப்போக்கு என்னும் பகை

கோடையில் குடிநீர் குறையக் குறைய அதன் தூய்மையும் குறைகிறது, ஈக்களும் பெருகுகின்றன. இதனால் வருவது வயிற்றுப்போக்கு. இதில் குழந்தையின் உயிருக்குப் பெரிதும் கேடு விளைப்பது நீரும் உப்பும் இழக்கப்படுவதே.

சென்ற பங்குனியில் என் மகனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தண்ணீர் கொடுக்க எடுத்தபோது என் மாமியார் தடுத்து, “கொடுத்தால் இன்னும் போகுமே, வயிறு சற்றுக் காயட்டும்” என்றார். முன்னொரு கோடையில் இந்நோய்க்குத் தம் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அந்த அச்சமே அவரை அவ்வாறு பேசச் செய்தது. “அத்தை, போவது உடம்பிலுள்ள நீர். போனதைத் திருப்பித் தராவிட்டால்தான் ஆபத்து” என்று எடுத்துரைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். மாலையில் குழந்தை சிறுநீர் கழித்து, கண் விழித்து விளையாடத் தொடங்கினான். அதன்பின் கரண்டியை அவரே வாங்கிக்கொண்டார்.

இக்கரைசலின் வரலாறு அறியத்தக்கது. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்து அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் மருந்துநீர் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளூக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். உறவினரே நோயாளிகளுக்குப் புகட்டினர். இறப்பு விகிதம் நூற்றுக்கு முப்பது என்ற நிலையிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது. குளூக்கோஸ் இருந்தால் குடல் உப்பை ஏற்கும். உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும் என்பதே இதன் தத்துவம். 1980 முதல் பத்தாண்டுகளில் வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கொண்டு இதைத் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்பித்தது.

செய்முறை

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். உறையில் குறித்த அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு. கண்ணீரைவிட அதிகம் கரிக்கக்கூடாது. ஒவ்வொரு முறை வயிறு போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கவேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெல்லக் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குப்பின் மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை மருத்துவப் பணியாளர் கூறும் அளவில், வயிற்றுப்போக்கு நின்றபின்னும், 14 நாள்வரை தருதல் வேண்டும்.

கண் குழிதல், கிள்ளிய தோல் மெல்லத் திரும்புதல், குடிக்க இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம், சிறுநீர் வெகுநேரம் வாராமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனை செல்க. வழியிலும் கரைசலைப் புகட்டுக. எங்கள் கோரிமேட்டிலேயே ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் ஜவாஹர்லாலின் பெயர் பெற்றது அது. ஆயினும், அத்தகைய பெரிய மருத்துவமனை அருகில் இருப்பவர்க்கும் முதல் சிகிச்சை அடுப்பங்கரையிலேயே தொடங்கவேண்டும். தொலைவிலுள்ள சிற்றூரார்க்கு இதன் அவசியத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

பஞ்சாயத்தின் பங்கு

தாய் எவ்வளவு கவனமாயிருந்தாலும், குழாயில் வரும் நீர் தூய்மையற்றதாயின் பயனில்லை. மேல்நிலைத் தொட்டியைத் தவறாது கழுவுதல், அளவறிந்து குளோரின் சேர்த்தல், கசியும் குழாயையும் சாக்கடையோரக் குழாயையும் செப்பனிடுதல் ஆகியவை அங்கத்தினர்களின் கடமை. விடுமுறையில் சிறுவர் நீர்நிலைகளை நாடுவர். ஆதலால் திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரும், ஆழமான குட்டைகளுக்கு வேலியும் அமைத்தல் உடனடித் தேவையாகும். உழவர் பெருமக்கள் தத்தம் வயற்கிணறுகளையும் இவ்வாறே காக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அதில் இக்காரியங்களைப் பேசித் தீர்மானிப்பது எளிது. அக்கூட்டத்திலேயே அங்கன்வாடிப் பணியாளரைக்கொண்டு கரைசல் செய்யும் முறையை அனைவருக்கும் செய்து காட்டலாம். தாய்மார் மட்டுமின்றி, பாட்டிமாரும் தந்தைமாரும் அதைக் காணவேண்டும். குழந்தைக்கு நோய் வரும் வேளையில் அருகில் இருப்பவர் யாரென்று முன்கூட்டிச் சொல்ல இயலாதன்றோ?